பிழை பார்க்க ஆள் தேவை

திருப்பதி
12.6.1996

அன்புள்ள மாமாவுக்கு,

தாட்சாயணி எழுதுகிறேன். ஹரிதாவின் சளி விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துவிட அங்கே யாராவது இருக்கிறார்களா, இல்லை கை எட்டாமல் நீங்களே திண்டாடுகிறீர்களா? நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டோர் கணக்கு எழுதுகிறவருக்கு இவ்வளவு முதுகுவலி வருமா என்று உங்கள் அம்மா கேட்டார்கள்.

இங்கே ஒரு செய்தி. கிருஷ்ணப்பா சார் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டுப் பெங்களூருக்குப் போகிறார். மகனுக்கு அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, இனி இந்த மெஷின்களோடு யார் மாரடிப்பது என்கிறார். ஒன்பது வருஷம் அவரிடம் தட்டியிருக்கிறேன். போகிறபோது பழைய கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் என்னிடமே விட்டுவிட்டார். "வூட்டுலயே போட்டுக்கினு ஒக்காரும்மா. யுனிவர்சிட்டி பசங்க தீசிஸ் தட்டறதுக்கு உன்னத் தேடிக்கினு வருவாங்க" என்றார்.

ஆகவே நம் முன்னறையை ஆபீஸ் ஆக்கிவிட்டேன். கேட்காமல் செய்தேன் என்று கோபம் வேண்டாம். கேட்டு உங்கள் பதில் வர ஒரு மாதம் ஆகும், அதற்குள் கம்ப்யூட்டர் பெங்களூர் லாரியில் ஏறியிருக்கும்.

சுவருக்குப் பூசணிப்பூ மஞ்சள் அடித்திருக்கிறேன். பெயின்ட் கடைக்காரர் ஆபீஸ் என்றால் வெள்ளைதான் என்று அடம்பிடித்தார். நாள் முழுக்க அந்தச் சுவரைப் பார்க்கப்போவது நான்தானே, அவரா? நகரியில் எங்கள் அண்ணனிடம் சொல்லி விசைத்தறித் துணி வரவழைத்து நீலத்தில் திரை தைத்தேன். வெளிச்சம் இடது கைப் பக்கம் விழுகிறமாதிரி மேசையைச் சன்னலோரம் போட்டிருக்கிறேன். சோபா உள்ளே போய்விட்டது. ஷோகேஸில் இருந்த பொம்மைகளை மூட்டை கட்டிவிட்டு காகிதமும் ரிப்பனும் அடுக்கியிருக்கிறேன்.

போன லீவில் நீங்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன் இத்தனை நாளாகத் துணி போர்த்திக்கொண்டு விருந்தாளிக்காகக் காத்துக்கிடந்தது. அதற்கு ஒரு பலகை அடித்துச் சுவரில் ஏற்றிவிட்டேன். காலை ஒன்பது மணிக்குக் கேசட்டில் நாயனம். பதினோரு மணிக்கு ரேடியோவில் சினிமாப் பாட்டு. இன்ஸ்டிட்யூட்டில் இருபது மெஷின் சத்தத்தில் என் காது செத்துக் கிடந்தது, இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது. நான் உட்காருவதற்கென்றே இந்த வீட்டில் ஒரு நாற்காலி வந்ததும் இதுதான் முதல் தடவை. ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறேன் மாமா.

வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள்
தாட்சா

*

குவைத்
1.7.1996

அன்பு தாட்சாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முதுகு தேவலை, அம்மாவிடம் சொல். வெளியே ஐம்பது டிகிரி கொளுத்துகிறது. ஸ்டோருக்குள் ஏசி இருப்பதால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஹரிதாவுக்கு ஐஸ் வாங்கிக் கொடுக்காதே.

முன்னறை விஷயம் படித்ததும் திக்கென்றது. அந்த அறைக்கு ரோட்டைப் பார்த்துத் தனி வாசல் வைத்துக் கட்டியது எதற்கு? எஸ்.டி.டி. பூத்துக்கு. பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மலைக்கு வந்து போகிற ஜனமெல்லாம் ஊருக்குப் போன் பேச நம் வாசலில் வரிசையில் நிற்கும். கண்ணாடிக் கூண்டு, மீட்டர், பக்கத்தில் மேசை போட்டு நான். மூன்று வருஷமாகக் கண்ணை மூடினால் எனக்குத் தெரிகிறது அந்தக் கண்ணாடிக் கூண்டுதான். பிப்ரவரியில் என் ஒப்பந்தம் முடிகிறது. திரும்பி வந்தால் ஒரு முதலாளியாகத்தான் அந்த வாசலில் உட்காருவேன்.

நைனாவுக்கு எழுதிவிட்டேன். சித்தூரிலிருந்து பூத்துக்கான படிவத்தைக் கொண்டுவந்து தருவார். மனை உன் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டும். போட்டுக் கொடுத்துவிடு. கம்ப்யூட்டரைப் படுக்கையறையில் வைத்துக்கொள், யார் வேண்டாம் என்றது?

பூசணிப்பூ மஞ்சள் நன்றாகத்தான் இருக்கும். பூத்துக்கும் பொருந்தும்.

அன்புடன்
முரளிதரன்

*

திருப்பதி
20.7.1996

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு நாளாக மழை, வீடு குளிர்ந்திருக்கிறது. ஹரிதா உங்களுக்கு முத்தம் வைக்கச் சொன்னாள், இந்த மை கலைந்த இடம்தான் அது.

உங்கள் நைனா வந்துபோனார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாயனம் உச்சத்தில் இருந்தது, நான் தட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாமா இது, ஆபீஸா, கல்யாண மண்டபமா?"

"ஆபீஸ்தான் நைனா. ஒக்காருங்க, காப்பி கொண்டாரேன்."

"சோபா எங்க?"

"உள்ள கீது."

"அப்ப நான் எங்க ஒக்கார்றது?"

உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்தார். படிவத்தை டீப்பாயில் வைத்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, ரெண்டு கையெழுத்தும்மா" என்றார். படித்துப் பார்த்துப் போடுகிறேன் என்றேன். "பூத்துப் படிவத்த இன்னாத்துக்குப் படிக்கணும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார். புத்தலப்பட்டு தாண்டும்வரை திட்டியிருப்பார். படிவம் இன்னும் டீப்பாயில்தான் இருக்கிறது.

பதில் நேராகவே சொல்கிறேன். படுக்கையறைக்குள் கம்ப்யூட்டரை வைத்தால் வருகிற மாணவர்களை எங்கே உட்காரவைப்பது, கட்டிலிலா? இந்த அறை எனக்கு வேண்டும்.

முதல் வேலையும் வந்துவிட்டது. பத்மாவதி என்று பலமனேர்ப் பெண், எகனாமிக்ஸில் ஆராய்ச்சி. பலமனேர் தக்காளி எப்படிச் சந்தைக்குப் போகிறது என்று இருநூறு பக்கம் எழுதியிருக்கிறாள். கூடையில் அடுக்கும்போது அடித்தட்டுப் பழம் நூற்றுக்குப் பதினைந்து நசுங்கிவிடுகிறதாம். இதற்குக்கூடப் பட்டம் தருகிறார்கள் பாருங்கள்.

நாயனத்துக்குத் தட்டினால் என் விரல் ஓடுகிற வேகமே தனி. தவில் எங்கே விழுகிறதோ அங்கே என் வரி முடிகிறது. கிருஷ்ணப்பா சாரும் முன்பு கிராமபோன் தட்டு போட்டுத்தான் எங்களுக்குத் தாளம் பழக்கினார். சும்மா பொழுதுபோக்குக்குப் பாட்டு கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியே கேட்டாலும்தான் என்ன?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தாட்சா

*

குவைத்
10.8.1996

அன்பு தாட்சாவுக்கு,

நலமாக இருக்கிறேன். ஹரிதாவின் முத்தத்தை அறையில் எல்லோருக்கும் காட்டினேன்.

நைனாவைத் தனியாக உள்ளே உட்காரவைத்தது சரியில்லை. படிவத்தைச் சீக்கிரம் முடி. ஊரில் ஆளாளுக்குப் பூத் போடுகிறார்கள், நாம் பின்தங்கக்கூடாது.

உன் பத்மாவதியின் கூடைக்கணக்குத் தப்பு. அடித்தட்டு நசுங்குவது அடுக்குவதால் இல்லை, இறக்கும்போது. தோளிலிருந்து கூடையை ஒரே வீச்சில் இறக்கினால் கீழ்ப்பழம் போய்விடும். முழங்காலை மடித்து, முதலில் தொடையில் தாங்கி, பிறகு தரையில் வைக்கவேண்டும். ஈரச்சாக்கு விரித்திருந்தால் நூற்றுக்கு நாலுகூட நசுங்காது. பெரிய கூடையைவிட அரைக்கூடை இரண்டு நல்லது. அந்தப் பெண்ணிடம் சொல், பட்டம் வாங்குகிறவள் சரியாக எழுதட்டும்.

ஸ்டோரில் வேலை அதிகம். மற்றவை பிறகு.

முரளிதரன்

*

திருப்பதி
30.8.1996

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு மட்டும் கால் வீக்கம், மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

நீங்கள் எழுதியதைப் பத்மாவதியிடம் படித்துக் காட்டினேன். வாயைப் பிளந்துவிட்டாள். "அக்கா, உங்க வூட்டுக்காரரு மண்டியில வேல பண்றாரா?" என்றாள். இல்லையம்மா, மின்சாமான் ஸ்டோரில் ஸ்டோர் கீப்பர் என்றேன். சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஃபேனும் மிக்ஸியும் எண்ணி வைக்கிற உங்களுக்குத் தக்காளிக் கூடையைத் தொடையில் தாங்கி இறக்கத் தெரிந்தது எப்படி?

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் நினைக்கிறேன்.

பதில் எழுதுங்கள்.

தாட்சா

*

குவைத்
4.10.1996

அன்பு தாட்சாவுக்கு,

அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா? எனக்கு வேலை மும்முரம், அதனால்தான் தாமதம். இனிமேல் கீழே உள்ள முகவரிக்கு எழுது. புத்தலப்பட்டு சின்னப்பன் தங்கியிருக்கிற அறை, எனக்கும் அதுதான் வசதி.

தீபாவளிக்குள் கையெழுத்துப் போட்டு நைனாவிடம் கொடுத்துவிடு. இந்த ஒன்றைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

ஹரிதாவை நன்றாகப் படிக்கச் சொல்.

முரளிதரன்

*

திருப்பதி
25.10.1996

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நாலு வரி கிடைத்தது. அம்மாவுக்குக் கால் சரியாகிவிட்டது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, நானாகவே அப்படி எடுத்துக்கொண்டேன்.

உங்கள் நைனா மூலம் எப்படியும் வந்துசேரும், அதற்கு முன்னால் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய தப்பு ஒன்று செய்துவிட்டேன்.

பத்மாவதியின் தீசிஸைத் தட்டி முடித்து, ஐந்து பிரதி எடுத்து, கறுப்பு ரெக்சினில் பைண்டிங் போட்டு, முதுகில் தங்க எழுத்தும் அடித்தாயிற்று. சாயங்காலம் நாலு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். காலையில் அவளுடைய கைடு சும்மா புரட்டியிருக்கிறார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். விவசாயிகள் விடியற்காலையில் கூடைகளை மண்டிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று போகிற இங்கிலீஷ் வாக்கியத்தின் நடுவே, இங்கிலீஷ் எழுத்திலேயே, "வாசல் வரை வந்தவனே, வந்த வழி போனதென்ன" என்று இருக்கிறது!

ரேடியோவில் அந்தப் பாட்டு எப்போது வந்தாலும் எனக்குக் கை நின்றுவிடும். அன்றைக்குக் கை நிற்கவில்லை, அதையும் சேர்த்துத் தட்டியிருக்கிறது. நானே இரண்டு முறை சரிபார்த்தேன். இரண்டு முறையும் மனசுக்குள் ராகத்தோடு படித்துத் தாண்டிப் போயிருக்கிறேன் போல.

"ஏமிட்டம்மா இதி, டமாட்டா பாட்ட பாடுதோந்தா?" என்று கைடு கேட்டாராம். தக்காளி பாட்டுப் பாடுகிறதா என்று டிபார்ட்மெண்டே சிரித்திருக்கிறது. பத்மாவதி பதினோரு மணிக்கு அழுதுகொண்டு வந்தாள். "மானம் போச்சுக்கா!"

அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பக்கத்தைத் திரும்பத் தட்டி, எடுத்து, ஐந்து பிரதியையும் ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு பைண்டிங் கடையில் போய் நின்றேன். தையலைப் பிரித்து, பக்கத்தை மாற்றி, மறுபடி ஒட்டி, மூன்றே முக்காலுக்கு அவள் கையில் கொடுத்தேன். அவள் ஒப்படைத்துவிட்டாள். ஆனால் செய்தி பரவிவிட்டது. என்னிடம் கொடுத்திருந்த இரண்டு பேர் கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது என் கையில் வேலை இல்லை.

வெட்கமாக இருக்கிறது. அழுதேன். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தாட்சா

*

குவைத்
14.11.1996

அன்பு தாட்சாவுக்கு,

நலம். தீபாவளிக்கு இங்கே சின்னப்பன் அதிரசம் செய்தான், கல்லாக இருந்தது.

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. வேலை செய்கிற இடத்தில் பாட்டு எதற்கு என்று நைனா அப்போதே சொன்னார். இனி அந்த ஆபீஸுக்கு யாரும் வரமாட்டார்கள். விட்டுவிடு. படிவத்தை அனுப்பு. நான் வந்தால் உட்காருவதற்கு எனக்கு ஓர் இடம் வேண்டாமா? மூன்றரை வருஷம் ஊரைவிட்டு இருந்தவன் வெறுங்கையோடு வந்து நின்றால் சித்தூரில் நாலு பேர் என்ன சொல்வார்கள்? எனக்காக இதைச் செய்.

முரளிதரன்

*

திருப்பதி
3.12.1996

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, ஹரிதாவுக்குப் புது ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். அங்கேயும் குளிருமாமே. தோளில் ஏதாவது போர்த்திக்கொள்ளுங்கள்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து இல்லை. வேறு யாராவது நிரப்பிக்கொள்ளட்டும்.

பத்மாவதியின் கைடே ஆள் அனுப்பியிருந்தார். ஒரே பகலில் ஐந்து பிரதியையும் சரிசெய்து கொடுத்தவளிடம்தான் இனி வேலை என்றாராம். அவருடைய மாணவர்கள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். பாட்டையும் நான் விடவில்லை. ஒழுங்கை மட்டும் மாற்றிவிட்டேன். தட்டும்போது வார்த்தை இல்லாத இசை: நாயனம், வயலின், புல்லாங்குழல். பிரிண்டர் ஓடும்போது பாட்டு. அது போடுகிற கர் கர் சத்தத்தில் பாதிதான் கேட்கிறது, போகட்டும்.

ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. தன் பிழை தன் கண்ணில் படாது. படித்துப் பார்க்க இன்னொருவர் வேண்டும். மேற்குச் சுவரோரம் இன்னொரு மேசை போட்டிருக்கிறேன், அதற்கும் ஒரு சன்னல் இருக்கிறது. உங்களுக்குப் பூத்தான் வேண்டுமென்றால் கடைத்தெருவில் இடம் பாருங்கள், நானும் கூட வந்து பார்க்கிறேன். இந்த அறை மட்டும் ஆபீஸாகத்தான் இருக்கும்.

தக்காளிக் கூடையைப் பற்றி இரண்டாம் தடவை கேட்கப்போவதில்லை. கீழே இருக்கிற விளம்பரத்தைப் பல்கலைக்கழகத்தில் ஒட்டுவதற்குமுன் உங்களுக்கு அனுப்புகிறேன்.

தேவை
பதவி: பிழை பார்ப்பவர், ஒருவர்
தகுதி: பி.காம். போதும். இங்கிலீஷ், தெலுங்கு, தமிழ் மூன்றும் படிக்கத் தெரியவேண்டும்.
நேரம்: காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. ஆபீஸில் இசை உண்டு, எதைப் போடுவது என்பது உரிமையாளர் முடிவு.
முன் அனுபவம் முழுவதையும் எழுதவேண்டும். எந்த வேலையும் குறைவாகக் கருதப்படமாட்டாது.
தாட்சாயணி டைப்பிங் ஆபீஸ், திருப்பதி

ஜனவரி முடியும்வரை காத்திருப்பேன்.

தாட்சா

*

குவைத்
9.1.1997

பெறுநர்: உரிமையாளர் அவர்கள், தாட்சாயணி டைப்பிங் ஆபீஸ், திருப்பதி.

மதிப்பிற்குரிய அம்மா,

தாங்களும் மகளும் தங்கள் மாமியாரும் சுகம் என்று நம்புகிறேன். தங்கள் விளம்பரம் கிடைத்தது. அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன்.

பெயர்: செ. முரளிதரன். தந்தை பெயர்: செங்கல்வராயன். வயது: முப்பத்தொன்பது. படிப்பு: பி.காம்., சித்தூர்.

முன் அனுபவம்: மின்சாமான் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், இரண்டரை வருஷம். 1995 அக்டோபரில் கம்பெனியை மூடிவிட்டார்கள். நவம்பர் முதல் இன்றுவரை, பதினான்கு மாதம், காய்கறி மண்டியில் கூடை தூக்கும் வேலை. இந்த இரண்டாவது அனுபவம் விண்ணப்பதாரர் தன் வீட்டுக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் இல்லை.

பிழை பார்க்கும் திறமைக்கு மாதிரியாக, என் கடிதங்களில் நான் கண்ட பிழைகளைத் தருகிறேன்.

1.7.96: "முதுகு தேவலை." தவறு. நிமிர முடியவில்லை.
அதே நாள்: "ஸ்டோருக்குள் ஏசி." தவறு. தகரக் கூரை.
அதே நாள்: "முதலாளியாகத்தான் அந்த வாசலில் உட்காருவேன்." நீக்கவும்.
4.10.96: "எனக்கும் அதுதான் வசதி." தவறு. பழைய அறைக்கு வாடகை கொடுக்க முடியவில்லை, சின்னப்பன் தன் படுக்கையில் பாதி கொடுத்தான்.
14.11.96: "நலம்." தவறு.

கம்பெனி மூடியபோதே எழுதியிருக்க வேண்டும். ஊரில் எல்லோரும் என்னை ஸ்டோர் கீப்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள், எப்படி எழுதுவது? அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் எதையும் சொல்லவேண்டியிருக்காது என்று நினைத்தேன். அதற்காகத் தங்கள் அறையைப் பிடுங்கப் பார்த்தேன்.

பட்டம் படித்தவன் கூடை தூக்கினான் என்பதில் விண்ணப்பதாரர் வெட்கப்படுகிறார்.

இசையைப் பற்றிய நிபந்தனைக்குச் சம்மதம்.

இப்படிக்கு, தங்கள் பணிவுள்ள
செ. முரளிதரன்

*

திருப்பதி
27.1.1997

திரு. செ. முரளிதரன் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத நினைத்தேன். தங்கள் விண்ணப்பத்தைப் படித்தபின் அப்படி எழுதினால் அதையும் பிழை என்று பிடிப்பீர்கள். அழுதேன். பிறகு கோபம் வந்தது, பதினான்கு மாதம் தனியாகச் சுமந்தீர்களே என்று. பிறகு வந்து தட்ட உட்கார்ந்தேன்.

தங்களைப் பிழை பார்ப்பவராக நியமிக்கிறோம். மண்டியில் உழைத்த பதினான்கு மாதமும் முன் அனுபவமாக ஏற்கப்படுகிறது. பிப்ரவரி முடியும்வரை காத்திருக்க வேண்டாம், டிக்கெட் கிடைத்ததும் புறப்படவும். வந்த முதல் வாரம் வேலை கிடையாது, முதுகுக்கு வைத்தியம். உங்கள் நைனாவிடமும் அம்மாவிடமும் நானே சொல்லிவிட்டேன். அம்மா அழுதார்கள். உங்கள் நைனா, "வரச் சொல்லும்மா, துன்னுட்டு நிம்மதியாத் தூங்கட்டும்" என்றார்.

மாதிரிக்கு அனுப்பிய பிழைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். "விண்ணப்பதாரர் வெட்கப்படுகிறார்" என்ற வரியை நான் கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் கோப்பில் வைத்தேன்.

வாருங்கள் மாமா.

தாட்சாயணி
உரிமையாளர்